ஒருநாள் மலரும் ஒரு பதிவேடும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஆல்பியன் என்னும் சிற்றூர். அங்கே வளர்ந்த ஆர்லோ பர்டெட் ஸ்டௌட் என்ற சிறுவனின் அன்னை தம் தோட்டத்தில் செம்மஞ்சள் நிற டேலில்லிச் செடிகளை வைத்திருந்தார். கோடைதோறும் அவை பூத்தன. ஆனால் ஒரு பூவும் காய்த்து விதை தரவில்லை. ஏன் என்ற கேள்வி அந்தச் சிறுவனைப் பற்றிக்கொண்டது. 1911-ல் நியூயார்க் தாவரவியல் பூங்காவில் ஆய்வாளராகச் சேர்ந்த பிறகும் அது அவரை விடவில்லை. இன்று வீட்டுத் தோட்டங்களில் பல்லாயிரம் வகைகளாகப் பெருகிவிட்ட டேலில்லியின் வரலாற்றை இந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவதே பொருத்தமாக இருக்கும்.

பெயரில் லில்லி இருந்தாலும் இது உண்மையான லில்லி அன்று. லில்லி குமிழ்த்தண்டிலிருந்து முளைப்பது. இதற்குக் கொத்துக்கொத்தான சதைப்பற்றுள்ள வேர்கள். 1753-ல் லின்னேயஸ் இந்தப் பேரினத்துக்கு ‘ஹெமரோகாலிஸ்’ என்று பெயரிட்டார். கிரேக்கத்தில் ‘ஒருநாள் அழகு’ என்று பொருள். பெயருக்கேற்ப ஒவ்வொரு பூவும் பெரும்பாலும் ஒரே நாள்தான் விரிந்திருக்கும். ஒரு பூந்தண்டில் பல மொட்டுகள் அடுத்தடுத்து அவிழ்வதால் செடி வாரக்கணக்கில் பூத்திருப்பதாக நமக்குத் தோன்றுகிறது.

இதன் தாயகம் கிழக்காசியா. சீனர்களுக்கு இது முதலில் உணவும் மருந்தும். உலர்ந்த மொட்டுகளைத் ‘தங்க ஊசிகள்’ என்ற பெயரில் இன்றும் சமைக்கிறார்கள். சீனத்தின் மிகப் பழைய பாடல் தொகுப்பான ஷிஜிங்கில், போருக்குச் சென்ற கணவனை எண்ணி ஏங்கும் பெண் ஒருத்தி, கவலையை மறக்கச்செய்யும் பூண்டு கிடைத்தால் வீட்டின் பின்புறம் நட்டுவைப்பேன் என்கிறாள். உரையாசிரியர்கள் அதை டேலில்லி என்றே கொண்டனர். பின்னாளில் சீன மரபில் அது அன்னையைக் குறிக்கும் மலராகவும் ஆயிற்று. ஸ்டௌட்டின் கேள்வியும் அன்னையின் தோட்டத்திலேயே பிறந்தது தற்செயல்தான் என்றாலும் நினைவில் நிற்கிறது.

பதினாறாம் நூற்றாண்டில் மஞ்சள், செம்மஞ்சள் இனங்கள் ஐரோப்பாவை அடைந்தன. அங்கிருந்து குடியேறிகளின் மூட்டைகளில் அமெரிக்கா சென்றன. எளிதில் வாடாத வேர் என்பதால் நெடும்பயணத்தைத் தாங்கின. செம்மஞ்சள் செடி தோட்டத்தைத் தாண்டிச் சாலையோரப் பள்ளங்களிலும் பரவியது. விதை இல்லாமல் இத்தனை தூரம் எப்படிப் பரவியது? ஸ்டௌட் கண்ட விடை வியப்பானது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெருகியிருந்த அந்தச் செடிகள் எல்லாம் ஒரே ஒரு செடியின் துண்டுகள். அதற்கு அவர் ‘யூரோப்பா’ என்று பெயரிட்டார். அதன் உயிரணுவில் வழக்கமான 22 குரோமோசோம்களுக்குப் பதிலாக 33 உள்ளன. மும்மடிச் செடிகளில் குரோமோசோம்கள் சரியாக இணைசேர இயலாததால் விதை அரிதாகிறது. போதாததற்கு, தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத இயல்பும் அதற்கு உண்டு. அக்கம்பக்கத்துச் செடிகள் எல்லாம் அதே செடி என்னும்போது வேறு மகரந்தத்துக்கு எங்கே போவது?

இங்கே ஒன்றை விளக்கிவிட வேண்டும். டேலில்லியின் ஒரு குறிப்பிட்ட வகையை விதை மூலம் காப்பாற்ற முடியாது. விதையிலிருந்து வருவது வேறொரு செடி. வகை அப்படியே நீடிக்க வேண்டுமென்றால் புதரைத் தோண்டி, வேரோடு பிரித்து, மறுபடி நட வேண்டும். ஏட்டுச்சுவடியைப் படியெடுப்பது போன்ற வேலை இது. படியெடுக்க ஆளில்லாதபோது சுவடி அழிகிறது.

முதலில் அறியப்பட்ட கலப்பினத்தை உருவாக்கியவர் இங்கிலாந்தின் யார்க் நகரத்துப் பள்ளி ஆசிரியரான ஜார்ஜ் யெல்ட். அவருடைய ‘ஆப்ரிகாட்’ 1890-களின் தொடக்கத்தில் வெளிவந்தது. பெரும் பாய்ச்சல் ஸ்டௌட்டிடம் நிகழ்ந்தது. சீனாவில் நான்கிங் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆல்பர்ட் ஸ்டூவர்ட் அங்கிருந்து காட்டுச் செடிகளை அனுப்பிக்கொண்டிருந்தார். அவற்றைப் பல தலைமுறைகள் கலந்து, 1934-ல் ‘தீரன்’ என்ற அடர்சிவப்பு வகையை ஸ்டௌட் வெளியிட்டார். அதுவரை மஞ்சளுக்கும் செம்மஞ்சளுக்கும் இடையே அடங்கியிருந்த பூவுக்கு ஒரு புதிய நிறம் கிடைத்தது. அதே ஆண்டில் ‘டேலில்லிகள்’ என்ற அவருடைய நூலும் வந்தது.

ஆய்வுக்கூடத்திலிருந்து கதை வீட்டுத் தோட்டத்துக்கு வருவது 1946-ல். அயோவா மாநிலத்தின் ஷெனன்டோவா நகரில் ஹெலன் ஃபீல்ட் ஃபிஷர் என்ற பெண்மணி வானொலியில் தோட்டக்கலை பற்றிப் பேசிவந்தார். அவரைச் சுற்றித் திரண்ட ஆர்வலர்கள் அவ்வாண்டு ஒரு சங்கத்தைத் தொடங்கினர். அமெரிக்க டேலில்லிச் சங்கத்தின் தொடக்கம் அதுதான். அவர்களில் பலர் சுற்றுக்கடிதங்களால் இணைந்திருந்தனர். கடிதக்கட்டு ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போகும். பெறுபவர் தம் பழைய கடிதத்தை எடுத்துவிட்டுப் புதியதை வைத்து அனுப்புவார். நம் கையெழுத்துப் பத்திரிகைகள் கைமாறிய விதம் நினைவுக்கு வருகிறது.

அக்கடிதங்களின் சாரம் ஒப்பீடுதான். ஒரே வகை இரண்டு ஊர்களில் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. குளிர்காலத்தில் இலை உதிர்த்து உறங்கும் வகைகள் உண்டு, உறங்காத பசுமை வகைகளும் உண்டு. புளோரிடாவில் செழித்தது மின்னசோட்டாவின் பனியில் மடியலாம். அடர்சிவப்புப் பூ நண்பகல் வெயிலில் நிறம் கரைந்து தோய்ந்துபோகலாம். குளிர்ந்த இரவுக்குப் பின் சில பூக்கள் காலையில் முழுதாக விரியாமல் நிற்கும். நட்ட முதலாண்டுப் பூவைக் கொண்டு ஒரு வகையை மதிப்பிடுவது தவறு; புதராகப் பெருகும்வரை சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். பூந்தண்டின் உயரம், கிளைகள், மொட்டுகளின் எண்ணிக்கை, பூக்காத மாதங்களில் இலையின் தோற்றம் ஆகிய அனைத்தையும் குறித்துவைக்க வேண்டும். ஒரு நாள் மட்டுமே வாழும் பூவை அறியப் பல ஆண்டுகள் வேண்டியிருக்கின்றன.

அடுத்த திருப்பத்தில் நமக்கும் ஓர் உறவு இருக்கிறது. கோல்சிசின் என்னும் வேதிப்பொருளால் செடியின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்க முடியும் என்பது 1937-ல் தெளிவாயிற்று. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளில் உள்ளதும் இதே பொருள்தான். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் முதலில் வைத்த பூவை நம் மேற்கு மாவட்ட உழவர்கள் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் அதன் விதைக்காகவே பயிரிடுகிறார்கள். இரட்டிப்பானால் டேலில்லியின் 22 குரோமோசோம்கள் 44 ஆகும். தடித்த இதழ், வலிய தண்டு, ஆழ்ந்த நிறம் ஆகியவை வரும். 1960-களில் ஆர்வில் ஃபே, ராபர்ட் கிரீஸ்பாக் ஆகியோர் இவ்வகைகளைப் பரவலாக்கினர். டென்னசியில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்த வர்ஜீனியா பெக் தம் தோட்டத்திலேயே இம்முறையில் புகழ்பெற்ற வகைகளை உருவாக்கினார்.

1975-ல் வால்டர் ஜப்லான்ஸ்கி ‘ஸ்டெல்லா டி ஓரோ’ என்ற குட்டை மஞ்சள் வகையைப் பதிவுசெய்தார். கோடை முழுதும் மீண்டும் மீண்டும் பூப்பதால் 1985-ல் ஸ்டௌட் பெயரிலான வெள்ளிப் பதக்கம் அதற்குக் கிடைத்தது. இன்று அமெரிக்க வாகன நிறுத்துமிடங்களின் ஓரங்களில்கூட அதைக் காணலாம்.

பதிவேட்டில் உள்ள வகைகளின் எண்ணிக்கை இன்று தொண்ணூறாயிரத்தைக் கடந்துவிட்டது. பெருமிதம் கொள்ளத்தக்க செய்திதான். ஆனால் அந்த எண் எனக்குக் கலக்கத்தையும் தருகிறது. தோட்டத்தில் இடம் அளவானது. புதியது வந்தால் பழையது தோண்டப்படுகிறது. எவர் தோட்டத்திலும் பிரித்து நடப்படாத வகை, பதிவேட்டில் பெயராக மட்டும் எஞ்சும். முதுநாரை, முதுகுருகு என்ற பெயர்கள் உரையில் எஞ்சி நூல்கள் எஞ்சாததைப் போல. பகிர்தலிலும் ஆபத்து உண்டு. 2000-ல் அமெரிக்காவில் கண்டறியப்பட்ட டேலில்லித் துருநோய், செடிகள் கைமாறிய வழியிலேயே ஓரிரு ஆண்டுகளில் பல மாநிலங்களுக்குப் பரவியது. ஆயினும் பகிராமல் காப்பதற்கு வழியில்லை. பழைய வகைகளை மட்டுமே வளர்த்துக் காட்டும் தோட்டங்களைச் சங்கம் இப்போது அங்கீகரிக்கிறது. ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்கும் அதே கைகள்தாம் ஒதுக்கப்பட்டதையும் காக்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்கச் சிற்றூர்களில் வீடு இடிந்து மறைந்த இடங்களில் செம்மஞ்சள் புதர் மட்டும் இன்னும் பூத்து நிற்பதைக் காணலாம். என்றோ ஒரு பெண் வாசலில் நட்டது. அதற்குப் பதிவேடும் பதக்கமும் தேவைப்படவில்லை. அதிலிருந்து எழுந்த கேள்வியின் பிள்ளைகளுக்கோ, பெயர் தெரிந்த ஒருவர் மண்வெட்டியுடன் ஆண்டுதோறும் வேண்டியிருக்கிறது.