பாறையில் மாட்டிய ராடும் தாடைப்பிடியும்: சென்னையின் நிலத்தடியை முன்வைத்து ஓர் ஆய்வு

துளைக்குள் இறங்கிய எஃகுத் தண்டு மேலே வராமல் நின்றுவிட்டால், போர்வெல் தொழிலில் 'ராடு மாட்டிக்கிச்சு' என்பார்கள். நிலக்கரிச் சுரங்கத்தின் கூரையில் துளையிடும் இயந்திரத்துக்கும், திருச்செங்கோட்டிலிருந்து புறப்பட்டு நாடெங்கும் போர் போடும் ரிக் வண்டிக்கும் இந்தச் சிக்கல் பொது. ராடு ஏன் மாட்டுகிறது என்பது தொழிலில் நிறையவே பேசப்படுகிறது. மாட்டியதை எதைக் கொண்டு பற்றி இழுப்பது என்பதில் அந்த அளவு அக்கறை இல்லை. தண்டின் அச்சோடு நேராக நின்று, இழுக்க இழுக்க இறுகும் தாடைப்பிடி ரிக்கின் நிலையான உறுப்பாக, இழுவிசையைக் காட்டும் மானியோடு சேர்த்துப் பொருத்தப்பட வேண்டும் என்பதும், சங்கிலியும் பைப் ரெஞ்சும் அதற்கு ஈடாகா என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

சிக்கலின் தெளிவான வடிவம் சுரங்கக் கூரையில் இருக்கிறது. நிலக்கரி எடுத்த இடத்தில் மேலுள்ள படுகைகள் சரியாமலிருக்க, துளையிட்டு எஃகு ஆணிகளைச் செலுத்தி அவற்றைப் பிணைக்கிறார்கள். இந்தியச் சுரங்கங்களில் 1.5 முதல் 1.8 மீட்டர் நீள ஆணிகள் பரவலாகப் பயன்படுகின்றன. துளையிடும் தண்டு, இயந்திரத் தலையிலுள்ள குழிவில் வெறுமனே உட்கார்ந்திருக்கிறது. தலை மேல்நோக்கி அழுத்தும், சுழற்றும். கீழ்நோக்கி இழுப்பதற்கு அங்கே பிடி எதுவும் இல்லை. வழக்கமாகத் தண்டு தன் எடையாலேயே இறங்கிவிடுவதால் இந்தக் குறை வெளியே தெரிவதில்லை. களிமண் படுகை தண்டைக் கவ்வினாலோ, துளையிடும்போதே அடுக்குகள் சற்று நகர்ந்தாலோ, தலை மட்டும் கீழே வரும். தண்டு கூரையில் தொங்கும். அப்போது தொழிலாளி, இன்னும் ஆணியடிக்கப்படாத கூரைக்கடியில் போய் நின்று, ரெஞ்சைப் போட்டுத் திருக வேண்டியிருக்கிறது. சுரங்கத்தில் ஒருவர் நிற்கவே கூடாத இடம் அதுதான். இயந்திரத் தலையின் பக்கத்தில் கீலில் அசையும் இரு தாடைகளைப் பொருத்தி, தலை இறங்கும்போது அவை தாமே தண்டை நெரித்துப் பற்றுமாறு செய்துவிட்டால் அவர் தன் இருக்கையைவிட்டு எழ வேண்டியதில்லை. சிறிய உறுப்புதான், ஆனால் ஆளை எங்கே நிறுத்துவது என்பதை அது தீர்மானிக்கிறது.

இந்தச் சிக்கல் புதியதல்ல. தமிழ்த் தொழிலாளர்கள் பெருந்தொகையாக உழைத்த கோலார் தங்கவயலில், 1880இல் ஜான் டெய்லர் நிறுவனத்தின் கீழ் தொடங்கி 2001இல் மூடப்படும் வரை, வெட்டுமுகம் 3 கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. கையில் பிடித்து இயக்கும் காற்றுத் துளைப்பானில் தண்டு மாட்டினால் சுழல்விசை திரும்பிப் பிடித்திருப்பவரின் மணிக்கட்டைத் தாக்கும். அந்தத் தலைமுறைக் கருவிகளில் மனித உடல்தான் பிடியாக இருந்தது. இன்றைய ரிக்கில் கம்ப்ரசரும் ஹைட்ராலிக்கும் வந்துவிட்டன. ஆனால் ராடு மாட்டிய நேரத்தில் பழைய நிலையே திரும்புகிறது.

இனி சென்னையின் தரை. எடுத்துக்காட்டாக நந்தனத்தைப் பார்ப்போம். அது அடையாற்றின் வடகரைப் பகுதி. மேலே ஆற்றுவண்டலும் களியும், அதன் கீழே சிதைந்த பாறை, அதற்கும் கீழே கெட்டியான சார்னோக்கைட். பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் வெளியே தெரியும் அதே பாறைதான் இது. கொல்கத்தாவிலுள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் இவ்வகைப் பாறையால் ஆனது என்பதால் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் தாமஸ் ஹாலந்து இதற்கு அப்பெயரிட்டார். இப்படிப்பட்ட கடும்பாறையில் கிணறு துளைக்க, ஹேமர் துளையின் அடியிலேயே இறங்கி இடிக்கும் காற்றழுத்த முறை ஏற்றது. 1967 வறட்சியின்போது யுனிசெஃப் இவ்வகை ரிக்குகளை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. பின்னர் அதுவே தென்னிந்தியப் போர்வெல் தொழிலின் அடிப்படை முறையானது. காற்று ராடின் உள்ளே இறங்கி ஹேமரை இயக்கிய பின், ராடுக்கும் துளைச்சுவருக்கும் இடையிலுள்ள வழியே கல்தூளைத் தூக்கிக்கொண்டு மேலே வருகிறது.

அந்த இடைவெளி அடைபடும் இடத்தில் ராடு மாட்டுகிறது. நந்தனம் போன்ற நிலத்தில் மிக ஆபத்தான ஆழம், மேல் அடுக்குகள் சரியாமல் காக்கும் உறைக்குழாயான கேசிங் முடியும் இடம். சிதைந்த பாறையைத் தாண்டிக் கெட்டிப் பாறையில் கேசிங்கை ஆழமாக ஊன்றாவிட்டால், அதன் அடிவிளிம்புக்குக் கீழிருந்து உதிரும் சில்லுகள் ஹேமரின் தோள்மீது ஆப்பாக இறங்கும். துளையில் நீர் அளவோடு கசிவதும் கெடுதலே: ஏராளமாக நீர் வந்தால் தூள் கழுவப்பட்டு வெளியேறும், துளி நீரும் இல்லாவிட்டால் புழுதியாகப் பறக்கும், இரண்டுக்கும் நடுவில் தூள் சாந்தாகக் குழைந்து ராடைச் சுற்றி வளையமாக ஒட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து நீரும் நுரையும் செலுத்துவது இந்தச் சாந்தைத் தளர்த்தத்தான். ஹேமரின் முனையில் பாறையை இடிக்கும் பிட் தேய்ந்த நிலையில் ஓட்டிய துளை கீழே போகப்போகக் குறுகும்; அதில் புது பிட்டை இறக்கினால் ஆப்பு போலச் செருகிக்கொள்ளும்.

மாட்டிய உடனே முதலில் செய்ய வேண்டியவை ஓட்டுநர்களுக்குத் தெரிந்தவையே: காற்றை நிறுத்தாமல், சுழற்சியையும் விடாமல், மேலும் கீழும் சிறுகச் சிறுக அசைத்துப் பார்ப்பது. அதில் வழிவிடாதபோதுதான் தவறுகள் தொடங்குகின்றன. அவற்றுள் பெரியது எதிர்த்திசையில் சுற்றுவது. ராடுகளின் மரை வலப்பக்கச் சுற்றில் இறுகுவது. எதிரே சுற்றினால் மாட்டிய இடம் விடுபடாது, எந்த இணைப்பு தளர்வாக இருக்கிறதோ அது கழலும். அது எந்த இணைப்பு என்பதை மேலே நிற்பவர் தேர்ந்தெடுக்க முடியாது.

அடுத்தது ராடைப் பற்றும் இடம் பற்றியது. ஒவ்வொரு ராடின் முனையருகிலும் இரு பக்கம் தட்டையாகச் சீவப்பட்ட வெட்டு இருக்கும். வழக்கமான வேலையில் அந்த வெட்டில் கவைவடிவ ஸ்பானரைச் செருகி, ரிக் மேடையில் ராடைத் தாங்கி நிறுத்தி, மேலுள்ள ராடைக் கழற்றுவார்கள். ஆனால் ராடு மாட்டும்போது தட்டை வெட்டு மேடைக்கு நேராக வந்து நிற்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. அது அரை மீட்டர் மேலேயோ கீழேயோ நின்றுவிட்டால் கவை பயன்படாது. பற்றுவதற்கு வழவழப்பான உருளைப் பரப்பு மட்டுமே மிஞ்சும். சங்கிலியைச் சுற்றுவதும், பைப் ரெஞ்சின் கைப்பிடியில் நீளக்குழாய் சொருகிப் பலர் சேர்ந்து தள்ளுவதும் இந்தக் கட்டத்தில்தான். இரண்டும் ராடை ஒரு பக்கமாகப் பிடிக்கின்றன. இழுவிசை அச்சைவிட்டு விலகுவதால் ராடு துளைச்சுவரில் உரசி மேலும் இறுகுகிறது. சங்கிலி நழுவினால் அதன் பாதையில் ஆள் நிற்கிறார்.

தாடைப்பிடி இந்த உருளைப் பரப்பையே நம்பி வேலை செய்கிறது. அடிநோக்கிக் குறுகும் கிண்ணம் ஒன்றும், அதற்குள் சரியும் மூன்று அல்லது நான்கு ஆப்புத் தாடைகளும் அதன் உறுப்புகள். கிண்ணத்தை ஹைட்ராலிக் ஜாக்கி மேலே தூக்கும்போது தாடைகள் உள்நோக்கி நெருங்கி ராடை நெரிக்கின்றன. பனையேறியின் தளைநார் அவர் உடல் எடையாலேயே இறுகுவது போல, இங்கே சுமையே பிடியை உண்டாக்குகிறது. ஆனால் எல்லாச் சரிவிலும் இது நடக்காது. தாடைக்கும் ராடுக்கும் இடையிலான உராய்வு, சரிவுக்கோணத்தையும் தாடையின் முதுகிலுள்ள உராய்வுக்கோணத்தையும் கூட்டி வரும் கோணத்தின் தொடுமதிப்பைவிட மிகுந்திருக்க வேண்டும். எண்ணெய்க் கிணறுகளில் நெடுங்காலமாக வழங்கும் சரிவு ஏறத்தாழ 9½ பாகை. முதுகில் கிரீஸ் தடவி உராய்வுக் கெழு 0.08 இருந்தால் உராய்வுக்கோணம் 4.6 பாகை, இரண்டும் கூடி 14.1, அதன் தொடுமதிப்பு 0.25. தாடையின் பற்கள் ராடில் பதிந்து 0.25க்கு மேல் பற்றினால் பிடி நழுவாது. அதே கிண்ணத்தில் துருவேறி முதுகின் கெழு 0.3 ஆகிவிட்டால் தேவை 0.49க்கு ஏறிவிடும். சேறு படிந்த ராடில் அந்த அளவு பற்று கிடைப்பது அரிது.

ஆகவே ஒரே தாடையின் இரு முகங்களுக்கும் நேரெதிரான பராமரிப்பு வேண்டும்: உட்புறப் பற்கள் கம்பித் தூரிகையால் தேய்த்து உலர்ந்திருக்க வேண்டும், முதுகு கிரீஸில் ஊறியிருக்க வேண்டும். கை தவறி உட்புறத்தில் ஒழுகிய கிரீஸே நழுவலுக்குப் போதும்.

இதே கணக்கு இன்னொரு எச்சரிக்கையையும் தருகிறது. முதுகு வழுக்கலாக இருக்கும்போது 10 டன் இழுவை ராடின்மேல் ஏறத்தாழ 40 டன் நெரிவாக மாறுகிறது. 150 மில்லிமீட்டர் நீளத்தில் சுற்றளவு முழுவதும் படியும் தாடை இந்த நெரிவைத் தீங்கின்றிப் பரப்பிவிடும். ஆனால் 114 மில்லிமீட்டர் ராடு பாறையில் உரசித் தேய்ந்து விட்டம் குறைந்திருந்தால், முழு அளவுத் தாடை அதை ஒரு கோட்டில் மட்டுமே தொடும். சுவர் ஏற்கெனவே மெலிந்த ராடு அங்கே நசுங்கும். தேய்ந்த ராடுகளை வைத்திருக்கும் ரிக்குக்குத் தேய்ந்த அளவுக்கான தாடைத் தொகுதியும் வேண்டும். இந்தச் செலவை வீண் என்று ஒதுக்குவது தவறு. ஒரு ஹேமரும் பிட்டும் அடியில் தங்கிவிட்டால் நேரும் இழப்பு இதைவிடப் பெரிது.

தாடைப்பிடியின் சிறந்த பயன் விசையில் இல்லை, அளவீட்டில் இருக்கிறது. பிடி நழுவாமல் நின்றால்தான் ராடு எவ்வளவு நீள்கிறது என்று பார்க்க முடியும். 114 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 7 மில்லிமீட்டர் சுவரும் கொண்ட ராடின் எஃகுப் பரப்பு சுமார் 2,350 சதுர மில்லிமீட்டர். மீட்டருக்கு எடை 18.5 கிலோ, 300 மீட்டர் தொடரின் எடை ஏறத்தாழ 5.5 டன். தன் எடையைத் தாங்கும் அளவு இழுத்து ராடில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டு, அதன்பின் இன்னும் 5 டன் கூட்டினால் கோடு எத்தனை மில்லிமீட்டர் உயர்கிறது என்று அளக்கலாம். 20 மில்லிமீட்டர் உயர்ந்தால், இணைப்புகளின் வேறுபாட்டைத் தள்ளி வைத்துப் பார்க்க, தடையின்றி நீளும் பகுதி சுமார் 190 மீட்டர். அதாவது ஹேமர் 300 மீட்டரில் இருந்தாலும் கவ்வல் 190 மீட்டரில் இருக்கிறது. பழி பிட்டின்மேல் இல்லை, நடுவழியில் சரிந்த சுவரின்மேல். நுரை செலுத்துவதா, பெரிய குழாயால் சுற்றித் துளைப்பதா, எந்த ஆழம் வரை என்ற முடிவுகளை இந்த ஒரு அளவு மாற்றிவிடும். சங்கிலியில் இழுப்பவருக்கு இந்த அறிவு கிடைக்க வழியில்லை. சங்கிலி நீள்வதும் நழுவுவதும் ராடு நீள்வதும் அவர் கண்ணுக்கு ஒன்றே.

நீட்சி ஆபத்தையும் சேமித்து வைக்கிறது. 300 மீட்டர் ராடை 10 டன்னில் இழுத்தால் அது 64 மில்லிமீட்டர் நீண்டு, சுமார் 3,200 ஜூல் ஆற்றலை வைத்துக்கொண்டு நிற்கும். 65 கிலோ எடையுள்ள ஒருவர் 5 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஆற்றலுக்கு இது சமம். மேடையருகே பிடி விட்டாலோ இணைப்பு அறுந்தாலோ அந்த ஆற்றல் நொடிக்குள் அங்கே இறங்கும். ராடு மாட்டிய நேரத்தில் மேடையைச் சூழ்ந்து நிற்கும் உதவியாளர்களில் பலர் பிற மாநிலங்களிலிருந்து வந்த இளைஞர்கள். இழுவை ஏறும்போது விலகி நிற்க வேண்டும் என்பதை அவர்களுக்கு அவர்கள் மொழியில் சொல்லிவைப்பது தாடைப்பிடியைப் பொருத்துவதற்கு இணையான கடமை. ஜாக்கியின் வால்வை நீண்ட ஹோஸ் போட்டு மேடைக்கு அப்பால் வைப்பது எளிய ஏற்பாடு.

மீட்க முடியாமல் விடப்படும் எஃகு, நகரத்தில் கிணற்றுக்காரரின் நட்டத்தோடு முடிவதில்லை. நந்தனத்தின் கீழ் 2018 மே 25 முதல் மெட்ரோவின் முதல் வழித்தடம் ஓடுகிறது. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி நோக்கிச் செல்லும் நான்காம் வழித்தடத்துக்கும் இதுவே மாறும் நிலையம். சுரங்கம் தோண்டும் இயந்திரம் தன் முகத்தில் மண்ணழுத்தத்தைக் காத்துக்கொண்டு நகர்வது. பழைய துளை ஒன்று குறுக்கிட்டால் அழுத்தம் அதன் வழியே வெளியேறும். கைவிடப்பட்ட போர்வெல்களின் வழியே சேறும் நுரையும் வீட்டு முற்றங்களில் பீறிட்ட நிகழ்வுகள் சென்னையில் செய்தியானதுண்டு. மாட்டிய தொடரில் மேல் ராடுகள் பெரும்பாலும் கழன்று வந்துவிடுவதால், சுரங்கம் செல்லும் ஆழத்தில் எஞ்சுவது இரும்புக் கேசிங்தான். ஆனால் கேசிங் அடியிலேயே ராடு கவ்வப்பட்டு, அவசரத்தில் அறுத்து மண் மூடப்பட்டால், இயந்திரத்தின் வெட்டுப்பற்கள் சந்திக்கும் தடை இரட்டிப்பாகும். 1987ஆம் ஆண்டின் சென்னைப் பெருநகர் நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டப்படி கிணறு தோண்ட அனுமதி பெற வேண்டும். அந்த அனுமதிக் கோப்பிலேயே துளையின் ஆழம், கேசிங்கின் வகை, உள்ளே விடப்பட்ட எஃகின் நீளம் ஆகிய மூன்றையும் ரிக் உரிமையாளர் எழுதிக்கொடுக்குமாறு செய்தால், பின்னால் சுரங்கமோ அடித்தளமோ தோண்டுபவருக்கு வழி தெரியும். நீட்சி அளவீடு செய்திருந்தால் அந்த மூன்றாம் எண்ணை ஊகமின்றி எழுதவும் முடியும்.

தாடைப்பிடியால் ஆகாத இடங்களும் உண்டு. ராடு மேடைக்குக் கீழே துளைக்குள் முறிந்திருந்தால் பற்றுவதற்கு மேலே எதுவும் இல்லை. உள்ளே இறங்கி முறிமுனையில் மரை பிடிக்கும் மீட்புக் கருவி வேண்டும். துளை வளைந்துபோய் ராடு நீளம் முழுவதும் சுவரில் படிந்திருந்தால் இழுவிசையில் பெரும்பகுதி வழியிலேயே உராய்வில் கரையும். அப்போது நீட்சிக் கணக்கும் உண்மையைவிடக் குறைந்த ஆழத்தைக் காட்டும். ராடின் இழுவைத் தாங்குதிறனை நெருங்கும் வரை இழுப்பது எந்தச் சூழலிலும் கூடாது. இணைப்பு மரைகள் குழாய்ச்சுவரைவிட முன்னதாகவே விட்டுக்கொடுக்கும் என்பதால் மானியின் சிவப்புக்கோடு மரையின் திறனைக் கொண்டு குறிக்கப்பட வேண்டும், தேய்ந்த ராடுகளுக்கு அதிலும் குறைத்து.