கந்தையும் காந்தாவும்

என் சிறுவயதில் அருப்புக்கோட்டையில் எங்கள் தெரு விடிகாலையிலேயே பாவு ஓடும் தெரு. அம்மா வீட்டில் தார் சுற்றுவாள். மத்தியானம் கை ஓய்ந்தால் பழைய நூல் சேலைகளை அடுக்கி, கரையிலிருந்து உருவிய நூலாலேயே ஓட்டுத்தையல் போட்டு விரிப்பு தைப்பாள். திருச்சுழிப் பக்கம் கொடுத்த என் அக்காவுக்கு முதல் பிள்ளை பிறந்தபோது அப்படி ஒன்றுதான் போனது. “புதுத்துணி புள்ளைக்கு உறுத்தும்யா, பழசுதான் சொகம்” என்பாள்.

வங்கி உத்தியோகத்தில் சில வருடங்கள் கல்கத்தாவில் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜோகாவில் உள்ள குருசதய தத் அருங்காட்சியகத்துக்குப் போனேன். அங்கே கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது அம்மாவின் விரிப்பு மாதிரியே ஒன்று! வங்காளிகள் அதைக் ‘காந்தா’ என்கிறார்கள். வடமொழியில் ‘கந்தா’ என்றால் ஒட்டுப்போட்ட துணி. நம்முடைய கந்தைக்கு அது பக்கத்து வீடுதான்.

அங்கும் பழஞ்சேலை, பழவேட்டி அடுக்குகள்தான், கரைநூல்தான். ஆனால் நடுவில் தாமரை, மூலைகளில் மரங்கள், இடையில் மனிதர்களும் மிருகங்களும் என்று படமே தைத்துவிடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. பிள்ளையைச் சுற்ற ஒன்று, விருந்தாளியை உட்கார வைக்க ஒன்று, கண்ணாடியும் சீப்பும் சுருட்டி வைக்க ‘ஆர்ஷிலதா’, வெற்றிலை பாக்குக்கு ‘துர்ஜனி’. இந்தத் துர்ஜனி ஒரு சதுரத் துணி. மூன்று மூலைகளை உள்ளே மடித்துத் தைத்தால் பையாகிவிடும். நம்மூர் சுருக்குப்பைக்கு அக்காள் முறை.

இதையெல்லாம் சேர்த்து வைத்த குருசதய தத் (1882–1941) ஓர் ஐ.சி.எஸ். அதிகாரி. மாவட்டம் மாவட்டமாக வேலை பார்த்தபோது, படித்தவர்கள் திரும்பிப் பார்க்காத கிராமத்துப் பொருள்களைத் திரட்டினார். அவர் காலத்துக்குப் பிறகு, 1963-ல்தான் அருங்காட்சியகம் திறந்தார்கள். அதே கல்கத்தாவில் ஆசிரியையாக இருந்த ஆஸ்திரியப் பெண்மணி ஸ்டெல்லா கிராம்ரிஷும் காந்தாக்களைச் சேகரித்தார். பிறகு அமெரிக்காவில் பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தில் பொறுப்பேற்று, இந்தியக் கிராமத்துச் சடங்குக் கலைகளுக்காகவே 1968-ல் ஒரு கண்காட்சி நடத்தினார். அவர் சேகரித்த காந்தாக்களை 2009–10-ல் அங்கே தனிக் கண்காட்சியாகவும் வைத்தார்கள். வீட்டுத் தரையில் கிடந்த துணி கடல் தாண்டிச் சுவரேறிவிட்டது.

ஆனால் ஜோகாவில் என்னை நிறுத்தி வைத்தது வேறு. மானதாசுந்தரி தாசி என்ற 19-ஆம் நூற்றாண்டுப் பெண் தன் அப்பாவுக்காகத் தைத்த காந்தா அது. சிப்பாய்களும் துரைமார்களும் அதில் இருக்கிறார்கள். கூடவே, தன் கையால் தைத்தது என்று தன் பெயரையும் நூலால் எழுதி வைத்திருக்கிறாள். அவள் அதை எழுதாமல் விட்டிருந்தால், ‘வங்காளம், பழந்துணி’ என்று ஒரு சீட்டோடு முடிந்திருக்கும்.

அந்தத் தடவை ஊருக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். “கந்தத்துணியப் பாக்கவா டிக்கெட்டு எடுத்த?” என்று சிரித்தாள்.

இத்தனையும் பார்த்து வந்த நான் என்ன செய்தேன்? அம்மா போன பிறகு 1996-ல் வீட்டை இடித்துக் கட்டினேன். வெள்ளையடிக்க வந்தவர்கள் தரையில் போடப் பழந்துணி கேட்டார்கள். பரணிலிருந்த மூட்டையை நானே எடுத்துக் கொடுத்தேன். சுண்ணாம்பும் பெயிண்டும் சொட்டி, வேலை முடிந்ததும் அது குப்பையோடு போயிற்று. சாயங்காலம் அக்கா வந்து, “அந்த விரிப்பு எங்கடா தம்பி?” என்று கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இப்போது மிச்சம் இருப்பது அம்மாவின் சுருக்குப்பை ஒன்றுதான். உள்ளே பாக்குக் கறை போகவில்லை. போன மாதம் பேத்தியைக் கூப்பிட்டு, அதன் உள்விளிம்பில் சிவப்பு நூலால் அம்மாவின் பெயரைத் தைக்கச் சொன்னேன். எழுத்து கொஞ்சம் கோணல்தான், இருக்கட்டும்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு மூட்டை இருக்கும். வெள்ளையடிக்க ஆள் வருவதற்கு முன்னால் ஒருதரம் அவிழ்த்துப் பாருங்கள்.