ஊரார் எடுத்த படம்: சிலிம் ரிவர் சொன்ன தீர்ப்பு

பேராக் தேர்தல் கதைகள் – 17

சிலிம் ரிவர் என்றதும் போர் வரலாறு படித்தவர்களுக்கு 1942 ஜனவரி 7 நினைவுக்கு வரும். துரோலாக்கிலிருந்து குளூனி தோட்டம் வரை நெடுஞ்சாலை வழியே பாய்ந்து வந்த ஜப்பானிய டாங்கிகள், 11ஆவது இந்திய டிவிஷனைச் சில மணி நேரத்தில் சிதறடித்த நாள் அது. நம் தொடருக்கு வேண்டிய நாள் வேறு: 2020 ஆகஸ்ட் 29. கொரோனா கால நடமாட்டக் கட்டுப்பாட்டுக்கு நடுவே, சிலிம் ரிவர் அடங்கிய சிலிம் சட்டமன்றத் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. அதன் முடிவு புரிய வேண்டுமானால், இந்த மாநிலத்தில் காணொளி தேர்தல் களத்துக்கு வந்த கதையை முதலில் சொல்ல வேண்டும்.

உரிமம் கேட்காத திரை

1984ஆம் ஆண்டின் அச்சகச் சட்டப்படி, 2012 வரை நாளிதழ்கள் ஆண்டுதோறும் உரிமத்தைப் புதுப்பித்தாக வேண்டியிருந்தது. அந்தப் பயத்தில் எதிர்க்கட்சிச் செய்திகள் சுருங்கின. இணையத்துக்கு அந்தக் கட்டு இருக்கவில்லை. தொழில்நுட்ப முதலீட்டை ஈர்ப்பதற்காக, இணையத்தைத் தணிக்கை செய்யமாட்டோம் என்று 1990களில் உறுதி கொடுத்தது மகாதீர் அரசு. 1999 நவம்பரில் மலேசியாகினி பிறந்தது அந்த இடைவெளியில்தான்.

2005இல் யூடியூப் வந்தது. 2007 மார்ச்சில் அமெரிக்காவில் ஃபில் டி வெல்லிஸ் என்பவர், ஆப்பிள் நிறுவனத்தின் பழைய ‘1984’ விளம்பரத்தில் ஹிலாரி கிளிண்டனின் முகத்தைப் பொருத்தி ஒரு காணொளி வெளியிட்டார். அது ஒபாமாவுக்கு ஆதரவானது. ஆனால் ஒபாமாவின் பிரச்சாரக் குழு அதைச் செய்யவில்லை. கட்சியைக் கேட்காமல் ஓர் ஆதரவாளர் வீட்டில் செய்த விளம்பரத்தை லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள்.

அதே ஆண்டு நம் நாட்டிலும் காணொளி பேசத் தொடங்கியது. செப்டம்பரில், ஒரு வழக்கறிஞர் நீதிபதி நியமனங்கள் பற்றித் தொலைபேசியில் பேசுவதாகக் காட்டிய பதிவை அன்வார் இப்ராஹிம் வெளியிட்டார். ஒரே வாரத்தில் வழக்கறிஞர்கள் புத்ராஜெயாவில் பேரணி நடத்தினார்கள். அரச விசாரணை ஆணையமும் அமைந்தது.

பிறகு வந்தது நவம்பர் 25. இந்து உரிமைகளுக்காகப் போராடிய இண்ட்ராப் அமைப்பின் பேரணிக்கு வந்த தமிழர்கள் மீது கோலாலம்பூர் சாலைகளில் கண்ணீர்ப் புகையும் ரசாயன நீரும் பாய்ந்தன. விடியுமுன் பத்துமலைக் கோயில் வளாகத்துக்குள்ளும் கூட்டம் சிக்கித் தவித்தது. அந்தக் காட்சிகள் இணையத்தில் ஏறின. வீட்டில் கணினி இல்லாத தோட்டத்து மக்களுக்குக் குறுந்தட்டு கைகொடுத்தது. செராமா எனும் அரசியல் கூட்ட உரைகளும் போராட்டக் காட்சிகளும் வட்டில் பதிவாகி, இரவுச் சந்தையிலும் உறவினர் கையிலும் ஊர் ஊராகப் போயின. பால்மரக் காட்டை விட்டு வெளியேற்றப்பட்டு, நிலமும் வீடும் கேட்டு நின்ற குடும்பங்களுக்கு அந்தப் படம் புதிதாக எதையும் சொல்லவில்லை. தாங்கள் பட்டதைத் திரையில் கண்டார்கள். அதுவே அதன் பலம்.

2008 மார்ச் 8

பேராக் சட்டமன்றத்தின் 59 இடங்களில் 31 எதிர்க்கட்சிகளுக்குப் போயின: ஜ.செ.க. 18, பி.கே.ஆர். 7, பாஸ் 6. சுங்கை சிப்புட்டில் 1974 முதல் அசையாமல் இருந்த ம.இ.கா. தலைவர் ச. சாமிவேலுவை, டாக்டர் மைக்கேல் ஜெயக்குமார் 1,821 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். விசாரணையின்றித் தடுத்துவைக்க இடமளித்த இசா சட்டத்தில் கைதாகி, இதே பேராக்கின் கமுந்திங் முகாமில் இருந்த இண்ட்ராப் தலைவர் மனோகரன், சிலாங்கூரின் கோத்தா ஆலாம் ஷா தொகுதியில் வென்றார். வேட்பாளர் மேடையேற முடியாத தேர்தலை அவர் குடும்பத்தாரும் ஆதரவாளர்களும் நடத்தி முடித்தார்கள். இணையப் போரில் தோற்றோம், அதன் பலத்தைக் குறைவாக மதிப்பிட்டோம் என்று பிரதமர் அப்துல்லா படாவி அதே மாதம் ஒப்புக்கொண்டார்.

பேராக்கில் எதிர்க்கட்சிகள் அமைத்த மாநில ஆட்சி ஓராண்டுகூட நிலைக்கவில்லை. 2009 பிப்ரவரியில் மூன்று சட்டமன்ற உறுப்பினர்கள் ஆளும் அணியிலிருந்து விலகினார்கள். அவர்களில் ஒருவர் சிலிமுக்கு அடுத்த பெராங் தொகுதியைச் சேர்ந்தவர். மே 7 அன்று ஈப்போவில் சபாநாயகர் வி. சிவகுமார் அவையிலிருந்து வலுக்கட்டாயமாக வெளியேற்றப்பட்டார். அந்தக் காட்சியையும் நாடு கண்டது.

திரை பெரிது, வேர் சிறிது

2018 தேர்தலுக்கு முந்தைய இரவு, எதிர்க்கட்சிப் பக்கம் வந்திருந்த மகாதீர் முகநூல் நேரலையில் பேசினார்; ஆட்சி மாறியது. 2019இல் ‘மாலு அப்பா போஸ்கு’ (‘வெட்கம் எதற்கு, தலைவா’) என்ற சொல்லோடு முன்னாள் பிரதமர் நஜிப் ரசாக்கின் மோட்டார் சைக்கிள் படம் பரவியது. ஆதரவாளர்களே ஒட்டுப்படமும் சட்டையும் காணொளியும் செய்து குவித்தார்கள். 2020 ஜூலை 28 அன்று அவருக்குப் பன்னிரண்டு ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீடு நிலுவையில் இருக்க, மறு மாதமே சிலிமில் பிரச்சாரத்துக்கு வந்தார்.

எதிர்ப்பக்கம் மகாதீரின் புதுக் கட்சி. பதிவு கிடைக்காததால் அதன் வேட்பாளர் அமிர் குஷ்யாரி சுயேச்சையாக நின்றார். முகநூலில் லட்சக்கணக்கானோர் பின்தொடரும் தலைவரின் ஆதரவு அவருக்கு இருந்தது. ஆனால் தேசிய முன்னணியின் முகமட் ஸைடி அஸிஸ் 10,945 வாக்குப் பெரும்பான்மையில் வென்றார். அம்னோ கிளைகள் கம்போங்கிலும் ஃபெல்டா குடியேற்றத்திலும் வீடு வீடாக வேலை செய்தன. முன்பு எதிரியாக நின்ற பாஸ் கட்சியும் இம்முறை கைகோத்தது. பின்தொடர்பவர் கூட்டம் நாடெங்கும் பரந்திருந்தது; வாக்குச்சீட்டு சிலிமில் வசிப்பவர் கையில் இருந்தது.

2007இன் படங்கள் ஊராரின் வலியிலிருந்து வந்தவை, அதனால் ஊரை அசைத்தன. தலைவரின் புகழை மட்டும் சுமந்த திரைக்கு அந்த வலு இல்லை. பேராக் தந்த பாடம் இதுதான் என்று நம்புகிறேன்.

2022 பொதுத் தேர்தலில் பதினெட்டு வயதினரும் வாக்களித்தார்கள்; களம் டிக்டாக்குக்கு மாறியது. தேர்தல் முடிந்ததும் 1969 மே 13 கலவரத்தை நினைவூட்டி இன அச்சம் மூட்டும் காணொளிகள் பரவ, காவல்துறை எச்சரிக்க வேண்டியதாயிற்று. ஆதரவாளர் கையில் கிடைத்த கருவி அச்சம் விற்பவர் கையிலும் கிடைக்கும். அதனால் புலனத்தில் வரும் அரசியல் காணொளியை உறவுகளுக்கு அனுப்புமுன் கேளுங்கள்: எடுத்தவர் யார், எங்கே, எப்போது, காசு கொடுத்தவர் யார்?

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. 2007, 2008இல் தோட்டங்களில் கைமாறிய குறுந்தட்டுகள் உங்கள் அலமாரியில் இருக்கலாம். அவை நம் அரசியல் வரலாற்றின் மூல ஆவணங்கள். வட்டு பழுதாகுமுன் பிரதி எடுத்து, எடுத்த இடத்தையும் நாளையும் தெரிந்தவரை எழுதிச் சேர்த்து வையுங்கள்.

(தொடரும்)