தாங்கி எதிர்ப்புப் பீரங்கிகளின் குண்டுகள்: ஒரு சிறு விளக்கம்

எல்லர்ஸ்லி போன்ற ஒக்லாந்தின் பழைய குடியிருப்புகளில், வீட்டுச் சாமான் விற்பனைக்குப் பித்தளைச் செல் கோதுகள் பூச்சாடியாக வருவதுண்டு. இரண்டாம் உலகப்போரில் நியூசிலாந்தின் 7ஆவது தாங்கி எதிர்ப்பு ரெஜிமென்ட் வட ஆபிரிக்காவிலும் இத்தாலியிலும் போரிட்டது. அது பயன்படுத்தியவற்றுள் முக்கியமானவை பிரித்தானியப் பீரங்கிகள்.

அவை குண்டின் எடையால் பெயர் பெற்றவை. 2 இறாத்தல் பீரங்கியின் குழல் 40 மில்லிமீற்றர், 6 இறாத்தலுக்கு 57, 17 இறாத்தலுக்கு 76.2.

குண்டு வகைகள்:

கவசம் துளைக்கும் குண்டு: வெடிமருந்து இல்லாத உருக்குத் திண்மம். வேகத்தாலேயே துளைக்கும். கடினமான தகட்டில் பட்டால் தானே நொறுங்கிவிடும்.

தொப்பிக் குண்டு: நொறுங்காமலிருக்க முனையில் மென்மையான உலோகத் தொப்பி பொருத்தினர். பின்னர் அதன்மேல், காற்றைக் கிழிக்க இன்னொரு கூர்மூடியும் வந்தது.

கூடு கழரும் குண்டு: உள்ளே தங்குதன் காபைட்டாலான மெல்லிய கரு, வெளியே இலேசான கூடு. குழலை விட்டதும் கூடு கழன்றுவிடும், கரு மட்டும் பாயும். 1944இல் 6 இறாத்தலுக்கும் பின் 17 இறாத்தலுக்கும் கிடைத்தது. 17 இறாத்தலின் தொப்பிக் குண்டு செக்கனுக்குச் சுமார் 880 மீற்றர் வேகம். இதுவோ சுமார் 1,200. ஆனால் தூரத்தில் குறி தவறும்.

வெடிகுண்டு: உள்ளே வெடிமருந்து உண்டு. ஆட்களுக்கும் மெல்லிய இலக்குகளுக்கும் எதிரானது.

வலிய குண்டே எப்போதும் சிறந்தது என்றில்லை. 1942 ஜனவரியில் மலாயாவின் மூவார் அருகே பக்ரியில், அவுஸ்திரேலியரின் 2 இறாத்தல் குண்டுகள் ஜப்பானியத் தாங்கிகளின் 12 மில்லிமீற்றர் கவசத்தை ஒரு பக்கத்தால் புகுந்து மறுபக்கத்தால் வெளியேறின. தாங்கிகள் தொடர்ந்து வந்தன. வெடிகுண்டுக்கு மாறிய பின்னரே அவை நின்றன.

எங்கள் பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லி வையுங்கள். வெறும் கோது பித்தளைதான். ஆனால் முனையில் குண்டு பொருத்தியபடி இருந்தால், கோதுக்குள் உந்துமருந்து இருக்கலாம். அது திண்மமா வெடிகுண்டா என்பதைப் பார்வையால் தீர்மானிக்க முடியாது. எண்பது வருடங்கள் கடந்தாலும் அது செத்துவிட்டதாக எண்ணக்கூடாது. தொடாமல், நகர்த்தாமல், விலகி நின்று பொலிஸாருக்கு அறிவியுங்கள். வன்னியில் போர் முடிந்த பின்னும் தோட்டம் கொத்தியவர்கள் கொடுத்த விலை எங்களுக்குத் தெரியும்.