சோனகதெருவின் அயல்: திரும்பி வந்தபின் சில அவதானங்கள்

யாழ்ப்பாணச் சோனகர் பற்றி எழுதப்பட்டவற்றில் வெளியேற்றம் பற்றி நிறைய உண்டு. மீள்குடியேற்றம் பற்றிக் கணக்குகள் உண்டு: எத்தனை குடும்பம் பதிந்தது, எத்தனை வீடு எழும்பியது, எத்தனை பேரின் பெயர் பட்டியலில் விடுபட்டது. இவையெல்லாம் வேண்டியவைதான். ஆனால் திரும்பி வந்தவர் அவசரத்துக்கு யாரிடம் கைமாற்று வாங்குகிறார், வீட்டில் மையத்து விழுந்தால் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து யார் வருகிறார்கள் என்பதை எந்தப் படிவமும் கேட்பதில்லை. 2011இல் ஆசிரியர் இடமாற்றம் பெற்று ஊருக்கு வந்த நாளிலிருந்து நான் கவனித்து வருவது இதைத்தான்.

பழைய அயல் எதனால் ஆனது என்பதை முதலில் சொல்ல வேண்டும். 1981 கணக்கெடுப்பின்படி யாழ் மாவட்டத்தில் சோனகர் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. அப்படியிருந்தும் பட்டினத்தில் எங்கள் இடம் சிறியதல்ல. பெரியகடையில் தையற்கடைகள், கஸ்தூரியார் வீதிப் பக்கம் வியாபாரம், இரும்புச் சாமான், இறைச்சி, லொறி என்று தொழில்கள் இருந்தன. தொழில் என்றால் வாடிக்கை. வாடிக்கை என்றால் அநேகமாகத் தமிழர். 1955இல் எம்.எம். சுல்தான் யாழ்ப்பாண மாநகர முதல்வரானார். சோனக வாக்குகளை மட்டும் வைத்து ஒருவர் அந்தக் கதிரையில் இருக்க முடியாது. வண்ணார்பண்ணையில் பிறந்த அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ் படித்தது வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ் இந்துக் கல்லூரியிலும். அவருடைய தமிழுக்கு அத்திவாரம் அங்கேதான் இடப்பட்டது.

இதை வைத்து 'அந்தக் காலத்தில் எல்லோரும் அண்ணன் தம்பியாய் இருந்தோம்' என்று எழுதுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கொண்டான் கொடுத்தான் உறவு இருக்கவில்லை. பெருநாளைக்குச் சாப்பாடு அனுப்புவதிலும் கணக்கு இருந்தது. எதிர்வீட்டு மாமி சுத்த சைவம். முட்டை போட்டது என்பதால் வட்டிலப்பமும் அவர் வீட்டுக்குள் போகாது. உம்மா அவருக்கென்று வாழைப்பழமும் சீனியும் வெற்றிலையும் புதுத் தட்டில் வைத்து அனுப்புவார். தைப்பொங்கலுக்கு அந்தத் தட்டு பொங்கலோடு திரும்பி வரும். அயல் என்பது இந்த மாதிரியான மட்டுமரியாதைகளால் ஆனது. யாருக்கு எது ஆகாது என்பது ஒழுங்கை முழுவதும் தெரிந்திருந்தது. பெரிய நட்பு என்று அதைச் சொல்ல மாட்டேன். ஆனால் இப்படித் தெரிந்துகொள்ள இரண்டு மூன்று தலைமுறை தேவைப்படும்.

1990 ஒக்டோபர் 30 பற்றி வாசகர்கள் அறிவார்கள். ஜின்னா மைதானத்துக்கு வரச்சொன்னார்கள், இரண்டு மணித்தியாலம் தந்தார்கள், ஐந்துசந்தியில் காசும் நகையும் பறித்தார்கள். வட மாகாணம் முழுவதிலுமிருந்து எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோரை அந்த மாதத்தில் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். அப்போது எனக்குப் பதினொரு வயது. இந்தக் கட்டுரைக்கு வேண்டிய ஒன்றை மட்டும் சொல்கிறேன். வாப்பா தையற்காரர். அன்று அவருடைய கடையில் எட்டுப் பேருடைய துணி இருந்தது. புத்தளத்தில் தில்லையடி முகாமில் கிடுகுக் கொட்டிலுக்குள் இருந்துகொண்டு அவர் கவலைப்பட்டது வீட்டைப் பற்றி மட்டுமல்ல. "எட்டுப் பேருடைய அமானத் எண்ட கையில இருக்குது" என்பார். துணி வெட்டியாயிற்றா, தைத்தாயிற்றா, யாருக்கு எத்தனை யார் என்பதெல்லாம் அளவுக் கொப்பியில் இருந்தது. கொப்பி கடைக்குள், கடைத் திறப்பு வேறு யாருடையவோ கையில்.

2002 ஏப்ரலில் ஏ-9 பாதை திறந்தது. அப்போது நான் பேராதனையில் தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு வாப்பாவோடு வந்தேன். ஓமந்தையிலும் முகமாலையிலும் இறங்கி ஏறி, பகல் முழுக்க வெயில். சோனகதெருவில் கூரை இல்லை, கதவு நிலை இல்லை, வீட்டுக்குள் வேம்பு வளர்ந்திருந்தது. வாப்பா அங்கே அதிகம் நிற்கவில்லை. துணிக்காரரைத் தேடிப் புறப்பட்டார். எட்டுப் பேரில் மூவரைக் கண்டுபிடித்தோம். இருவர் மௌத்தாகியிருந்தார்கள். மற்றவர்கள் எங்கே என்று தெரியவில்லை. கண்டவர்களில் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "துணியை விடுங்கோ நானா. நாங்கள் உங்களுக்குத் தரவேண்டியதை ஆர் கணக்குப் பாக்கிறது?" என்றார். வாப்பா துணியின் விலையைக் கொடுத்தார். அவர் வாங்கவில்லை. பேசிப் பேசி, கடைசியில் ஒரு சேட் தைத்துத் தருவதென்று முடிவாயிற்று. அடுத்த பயணத்தில் தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தோம். 2006 ஓகஸ்டில் பாதை மறுபடி பூட்டப்பட்டது.

இங்கே ஒரு திகதியைச் சொல்லாமல் போக முடியாது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி, சரியாக ஐந்து வருடம் கழித்து அதே நாளில், வலிகாமத்துச் சனங்கள் இலட்சக்கணக்கில் எழும்பித் தென்மராட்சி நோக்கி நடந்தார்கள். புத்தளத்தில் அந்தச் செய்தி வந்தபோது, அல்லாஹ்வின் தீர்ப்பு என்று சொன்னவர்களும் இருந்தார்கள். இன்றும் சில மேடைகளில் அந்தப் பேச்சுக் கேட்கிறது. எனக்கு அது பிடிக்காது. நாவற்குழிப் பாலத்தில் மழையில் நின்ற கிழவிக்கு எங்களை அனுப்பிய தீர்மானத்தில் என்ன பங்கு? அந்தத் திகதியை நான் வேறு விதமாகப் பயன்படுத்துகிறேன். பழைய அயலவர்களோடு பேசும்போது தொண்ணூறைப் பற்றி நேரே கேட்டால் வாய் மூடிக்கொள்வார்கள். தொண்ணூற்றைந்தைக் கேட்டால் கதைப்பார்கள். என்ன எடுத்துக்கொண்டு போனார்கள், கோழியை என்ன செய்தார்கள், திறப்பை யாரிடம் கொடுத்தார்கள் என்று சொல்லிக்கொண்டு போகையில், தாங்களாகவே தொண்ணூறுக்கு வந்துவிடுவார்கள்.

என் பால்ய நண்பன் ஒருவன் அப்படித்தான் வந்தான். பக்கத்து ஒழுங்கைக்காரன், என்னோடு சைக்கிள் பழகியவன். 2011இல் சந்தித்தபோது என்னை 'நீங்கள்' என்று கூப்பிட்டான். நானும் 'நீங்கள்' என்றேன். 'நீ' திரும்பி வர ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. தமிழ் படித்தவன் என்பதால் இதைக் குறித்து வைத்தேன். முன்னிலைப் பெயர் எங்கள் மொழியில் வெறும் மரியாதைச் சொல் மட்டும் இல்லை. இருவருக்கும் நடுவில் எவ்வளவு காலம் கிடக்கிறது என்று அது அளந்து காட்டிவிடும். பிறகொரு நாள் நான் கேட்டேன்: "அண்டைக்கு நீ எங்கை நிண்டனி?" அவன் சொன்னான்: "ஒழுங்கை முகப்பிலை துவக்கோடை ரெண்டு பேர். அப்பா வெளியிலை போகக்கூடாதெண்டு கதவைச் சாத்திப்போட்டார். அம்மா அழுதுகொண்டிருந்தவ. பின்னேரம் உங்கடை ஆட்டை அவிட்டுக் கொண்டுவந்து கட்டினனாங்கள்." நான் அந்த ஆட்டை மறந்தே போயிருந்தேன். அவர்கள் ஏன் எதிர்த்துப் பேசவில்லை என்ற கேள்வி எங்கள் சமூகத்தில் இன்னும் உண்டு. கேட்கப்பட வேண்டிய கேள்விதான். ஆனால் அதைப் பதினொரு வயதுப் பையனிடமும், துவக்குக்கு முன்னால் நின்ற குடும்பத்திடமும் கேட்பது ஒன்று. பேச இடமும் பெயரும் இருந்தவர்களிடம் கேட்பது வேறு. இரண்டையும் நாம் அடிக்கடி குழப்பிக்கொள்கிறோம்.

நட்பை உண்மையில் சோதித்தது காணிதான். தொண்ணூறில் ஒரு வீட்டில் இருந்த ஒரு குடும்பம், திரும்பும்போது நான்கு குடும்பம். காணி அதே சில பரப்பு, பல இடங்களில் பரப்புக்கும் குறைவு. கையில் காசில்லாத நிலையில் பலர் விற்றார்கள். வாங்கியவர் அநேகமாக அயலவர், பழைய பழக்கக்காரர். நல்ல விலைக்கு விற்றவரும் உண்டு, அவசரத்தில் அடிமாட்டு விலைக்குக் கொடுத்தவரும் உண்டு. அதன்பிறகு இருவரும் வீதியில் கண்டால் சிரிப்பார்கள், சைக்கிளை நிறுத்த மாட்டார்கள். ஆள் இல்லாத காணியில் வேறொருவர் குடியிருந்த கதை இன்னும் சிக்கலானது. பத்து வருடம் தடையின்றி ஆண்டால் உரிமை கோரலாம் என்பது பழைய காலாவதிச் சட்டம். ஓடி வந்தவர் எப்படித் தடுப்பது? யுத்த காலத்தைக் கணக்கில் எடுக்காமல் விடுவதற்கு 2016இல் 5ஆம் இலக்கச் சிறப்பு ஏற்பாடுகள் சட்டம் வந்தது. அது வரும்போது நாங்கள் போய் இருபத்தைந்து வருடம் தாண்டிவிட்டது. வழக்குப் பேச இரண்டு வருட அவகாசம். அயலவர்மேல் வழக்கு வைப்பதா என்று யோசித்தே அந்த இரண்டு வருடத்தைக் கழித்தவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொன்று ஆய்வாளர் கண்ணில் அதிகம் படாதது. திரும்பி வந்தவர்களில் முதலில் வந்தது ஆண்கள். கடையைத் திறந்தார்கள், பள்ளியைத் துப்புரவாக்கினார்கள், கடைக்குள்ளேயே படுத்தார்கள். பெண்களும் பிள்ளைகளும் புத்தளத்தில். பாடசாலை அங்கே, வீடு அங்கே, இங்கே கூரை இல்லை. ஆண்களின் நட்பு சந்தையில் நடப்பது. அது ஓரளவு சீக்கிரம் ஒட்டிக்கொண்டது. பெண்களின் அயலுறவு குசினிக்கும் கிணற்றடிக்கும் நடுவில் நடப்பது. அது ஒட்டவே இல்லை. அந்தக் கிணற்றடிக்குப் பெண்கள் வந்து சேர்ந்தபோது மறுபக்கத்தில் பழைய ஆள் இல்லை. யாழ்ப்பாணத்தைவிட்டுப் போனது நாங்கள் மட்டுமா? எங்கள் ஒழுங்கையைச் சுற்றியிருந்த தமிழ் வீடுகளில் பாதி கனடாவிலும் லண்டனிலும் பிரான்சிலும் இருக்கின்றன. 2012 கணக்கெடுப்பில் மாவட்டத்தில் சோனகர் இரண்டாயிரத்துச் சொச்சம் என்று வந்தபோது எங்களவர் கவலைப்பட்டார்கள். எங்களைத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் மிச்சம் என்ற கணக்கை ஒருவரும் எடுக்கவில்லை.

தட்டில் பொங்கல் அனுப்பிய எதிர்வீட்டு மாமி ரொறன்ரோவில். உம்மா இன்னும் தில்லையடியில், என் தங்கையோடு. இருவரும் வட்ஸ்அப்பில் கதைக்கிறார்கள். முருங்கைக்காய் என்ன விலை, முழங்கால் நோவுக்கு என்ன பூசுகிறாய் என்று ஒரு மணித்தியாலம் போகும். சோனகதெருவின் உயிருள்ள அயலுறவு ஒன்று தில்லையடிக்கும் ரொறன்ரோவுக்கும் நடுவில் நடக்கிறது. அந்த ஒழுங்கையில் வாடகைக்கு இருக்கும் எனக்கு எதிர்வீட்டில் யாரென்று தெரிய ஆறு மாதம் எடுத்தது.

பிள்ளைகளின் விடயம் வேறு. என் மூத்த மகள் புத்தளத்தில் பிறந்தவள். "சாப்பிட்டாச்சா?" என்பாள். இங்கே "சாப்பிட்டாச்சே?" என்றுதான் கேட்பார்கள். கேள்விக்கு 'ஆ' போடுவதா 'ஏ' போடுவதா என்பதில் கடைக்காரர் ஆளை மதித்துவிடுவார். "பிள்ளை எந்த ஊர்?" என்பார். அவள் "இந்த ஊர்தான்" என்பாள். புத்தளத்தில் பாடசாலையில் அவளை 'அகதி வீட்டுப் பிள்ளை' என்றார்கள். இங்கே 'புத்தளத்துப் பிள்ளை' என்கிறார்கள். அவளுக்குப் பழைய நட்பு ஒன்றும் இல்லை, பழைய கோபமும் இல்லை. கூட்டாளிகளை அவளே தேடிக்கொண்டாள். அதில் இருவர் தமிழ்ப் பிள்ளைகள், ஒரே ரியூசன். நோன்பு காலத்தில் அவர்கள் அவளுக்கு முன்னால் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். யாரும் சொல்லிக்கொடுத்ததாகத் தெரியவில்லை. ஆனால் அவர்கள் வீட்டில் என்ன சாப்பிட மாட்டார்கள் என்பது எங்கள் வீட்டுக்கு இன்னும் சரியாகத் தெரியாது. போன பெருநாளைக்கு மனைவி என்னிடம் கேட்டார். நான் உம்மாவுக்கு எடுத்துக் கேட்டேன். "பழமும் சீனியும் அனுப்பு. தட்டு புதுசா இருக்கட்டும்" என்றார்.

வட மாகாண முஸ்லிம்களின் இடப்பெயர்வு பற்றிப் பேராதனைப் புவியியல் பேராசிரியர் மர்ஹூம் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ் பல வருடம் தகவல் திரட்டினார். இழப்பைக் கணக்கிடும் வேலைக்கு அவர் போட்ட பாதை இருக்கிறது. அயலைப் பதிவு செய்யும் வேலை மிச்சமாக இருக்கிறது. அதற்கான சாட்சிகள் எழுபது, எண்பது வயதுக்காரர்கள். வாப்பா 2016இல் வபாத்தானார். அவருடைய அளவுக் கொப்பி கிடைக்கவில்லை. இதுவரை என் கையில் சேர்ந்திருப்பவை: தொண்ணூறுக்கு முந்திய ஒரு பலசரக்குக் கடையின் கடன் கொப்பி, தமிழ் வீடொன்றிலிருந்து எங்களுக்குத் திருப்பித் தரப்பட்டது, கலியாண மொய் எழுதிய இரண்டு கொப்பிகள், இரண்டிலும் தமிழ்ப் பெயர்கள் உண்டு, புத்தளத்துக்கு வந்த பதினேழு கடிதங்கள். புத்தளம், கற்பிட்டி, நீர்கொழும்பு, கொழும்புப் பக்கம் இருக்கும் ஊரவர்களிடம் இப்படியான கடைக் கொப்பிகள், மொய்க் கொப்பிகள், கடிதங்கள் இருந்தால் அவற்றை எரிக்கவோ பழைய கடதாசிக்குப் போடவோ வேண்டாம். மூலத்தை நீங்களே வைத்திருங்கள். இச்சஞ்சிகைக்கு ஒரு பிரதி அனுப்பினால் போதும். அதில் இருக்கும் பெயர்க்காரர் வீட்டுக்கு நான் நேரே போய்ப் பார்க்கிறேன்.