பக்கவாட்டுப் புகைபோக்கி: எது அசல்?

அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் வசிக்கும் நண்பர் ஒருவர் சென்ற மாதம் சில ஒளிப்படங்களை அனுப்பியிருந்தார். அண்மையில் அவர் வாங்கிய 1970ஆம் ஆண்டு டாட்ஜ் சேலஞ்சர் காரின் படங்கள் அவை. வண்டியின் இருபுறமும், கதவுகளுக்குக் கீழே, முன்சக்கரத்தின் பின்னிருந்து பின்சக்கரம் வரை நீளும் பருத்த குரோமியக் குழாய்கள். தொழிற்சாலையில் பொருத்தப்பட்டவை அல்ல. எழுபதுகளின் நடுவில் முதல் உரிமையாளர் தம் வீட்டுக் கொட்டகையிலேயே பொருத்தியவை. வண்டியைச் சீரமைக்க ஒப்புக்கொண்ட பட்டறைக்காரர், "இவற்றைக் கழற்றி எறிந்துவிடலாம். பக்கவாட்டுப் புகைபோக்கிதான் வேண்டுமென்றால் டி/ஏ வகையைப் பொருத்தித் தருகிறேன். அதுதான் அசல்" என்றாராம். வரலாறு படிப்பவன் என்ற முறையில் என் கருத்தென்ன என்று நண்பர் கேட்டிருந்தார். அவருக்கு எழுதிய மறுமொழி நீண்டுவிட்டது. அதையே சற்று விரித்து இங்கே இடுகிறேன்.

எஞ்சினின் புகையை வண்டியின் பின்கோடி வரை கொண்டுசெல்வது மௌனத்துக்கான ஏற்பாடு. குழாய் நீள நீள ஒலி தணியும். இடையில் சைலன்சருக்கும் இடம் கிடைக்கும். பந்தயக்காரனுக்கோ மௌனம் பொருட்டன்று. குழாய் குறுகினால் எடை குறையும், புகை தடையின்றி வெளியேறும், பின் அச்சையும் எரிபொருள் கலத்தையும் சுற்றி வளைத்துக் குழாயைச் செலுத்தும் தொல்லையும் நீங்கும். ஆகவே பக்கவாட்டுக் குழாய் பிறந்தது தேவையினால்தான். ஆனால் வெகு விரைவிலேயே அது அணிகலனாகவும் மாறிவிட்டது என்பதுதான் இதன் வரலாற்றில் சுவையான பகுதி.

1920களின் இறுதியில் மெர்சிடிஸ் எஸ்எஸ்கே வண்டிகளின் எஞ்சின் மூடியின் பக்கத்தைத் துளைத்துக்கொண்டு வளைகுழாய்கள் வெளிவந்தன. மிகையழுத்தக் காற்றூட்டி பூட்டிய எஞ்சினின் அடையாளமாக அவை கருதப்பட்டன. அமெரிக்காவின் டியூசன்பர்க் நிறுவனம் 1932இல் அத்தகைய எஞ்சின் கொண்ட எஸ்ஜே வகையை வெளியிட்டபோது அதிலும் இவ்வாறே வளைகுழாய்கள் பளபளத்தன. உடனே காற்றூட்டி இல்லாத சாதாரண ஜே வகையை வைத்திருந்த செல்வர்களும் அதே குழாய்களைக் கேட்டுப் பொருத்திக்கொண்டனர். உள்ளே இல்லாத வலிமையை வெளியே காட்டும் வழக்கம், மசில் கார் என்ற சொல் பிறப்பதற்கு ஒரு தலைமுறை முன்பே தொடங்கிவிட்டது.

இன்னொரு மரபு ஏழைகளுடையது. தென் கலிஃபோர்னியாவின் மியூராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப்படுகைகளில் இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களைத் திருத்தி வேகப் பந்தயம் ஓட்டினர். அதற்கான கூட்டமைப்பு 1937இலேயே உருவாயிற்று. அவ்வண்டிகளில் கதவுக்குக் கீழே ஓடிய குழாய்களின் முனையில் திருகுமூடி இருக்கும். ஊருக்குள் ஓட்டும்போது மூடி இறுகியிருக்க, புகை வழக்கமான சைலன்சர் வழியே செல்லும். ஏரிப்படுகையை அடைந்ததும் மூடியைக் கழற்றிவிட்டால் எஞ்சின் நேரே வானத்தோடு பேசும். இவற்றுக்கு 'லேக் பைப்' என்ற பெயரே நிலைத்தது. பிற்காலத்தில் இவற்றிலும் போலிகள் வந்தன. எஞ்சினோடு தொடர்பே இல்லாத வெற்றுக் குழாய்களை அலங்காரத்துக்காகத் திருகிக்கொண்டவர் பலர்.

தொழிற்சாலைகளே இக்குழாய்களை விலைக்குக் கொடுத்த காலம் மிகக் குறுகியது. செவர்லே தன் கார்வெட் வண்டிக்கு 1965இல் 134.50 டாலர் கூடுதல் விலையில் பக்கவாட்டுப் புகைபோக்கியை அளித்தது. (கார்வெட் மசில் கார் அன்று, ஸ்போர்ட்ஸ் கார் என்று வாதிடுவோர் உண்டு. அந்தச் சண்டையில் நான் தலையிடப் போவதில்லை.) அவ்வாண்டு விற்ற 23,562 கார்வெட்களில் 759 மட்டுமே இதைப் பெற்றன. 1967இல் அந்த எண்ணிக்கை 22,940இல் 4,209 ஆக உயர்ந்தது. அக்குழாயில் தனியான சைலன்சர் கிடையாது. ஆங்காங்கே நசுக்கி உள்ளறைகளாக்கிய குழாயே ஒலியை ஓரளவு அடக்கிற்று. மேலே துளையிட்ட உலோகக் கவசம் இருந்தும், இறங்கும்போது கெண்டைக்காலைச் சுட்டுக்கொண்டவர்களின் கதைகள் இன்றும் கார்வெட் கூட்டங்களில் பேசப்படுகின்றன.

இங்கே ஆய்வாளனுக்குப் பயன்படும் ஒரு சான்று உண்டு. சாதாரணக் கார்வெட்டின் பின்புற உடலில் புகைபோக்கி முனைகளுக்கான திறப்புகள் இருக்கும். பக்கவாட்டுக் குழாயுடன் பிறந்த வண்டியில் அவை இரா. பின்னாளில் மாற்றியமைத்தவர் அத்திறப்புகளை ஃபைபர் கிளாஸ் கொண்டு அடைக்க வேண்டும், முன்சக்கரத்துக்குப் பின்னே உடலின் கீழ்விளிம்பையும் வெட்ட வேண்டும். எவ்வளவு திறமையாகப் பூசினாலும் உட்புறத்தில் தழும்பு தெரியும். ஏலக்கூடங்களில் விலையைத் தீர்மானிப்பது பல வேளைகளில் இத்தகைய தழும்புதான்.

இனி, பட்டறைக்காரர் 'அசல்' என்ற டி/ஏ வகைக்கு வருகிறேன். 1970இல் டிரான்ஸ்-ஆம் பந்தயத்தில் நுழைவதற்கு, பந்தய வண்டிக்கு இணையான சாலை வண்டிகளைக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் செய்து விற்றாக வேண்டும் என்பது விதி. அதற்காக டாட்ஜ் ஏறத்தாழ 2,400 சேலஞ்சர் டி/ஏ வண்டிகளையும், அதன் உடன்பிறப்பான பிளிமத் சுமார் 2,700 ஏஏஆர் குடா வண்டிகளையும் உருவாக்கின. இரண்டிலும் புகைபோக்கி முனை பின்சக்கரத்துக்குச் சற்று முன்னே பக்கவாட்டில் எட்டிப் பார்க்கும். பார்த்தவுடன் பந்தய வண்டி என்றே தோன்றும். ஆனால் அடியில் குனிந்து பார்த்தால் வேறு கதை. எஞ்சினிலிருந்து புறப்படும் குழாய் நேராகப் பின்பகுதிக்குச் சென்று சைலன்சருக்குள் நுழைகிறது. அந்தச் சைலன்சரின் வாயிலும் வெளிவாயிலும் ஒரே பக்கத்தில் அமைந்தவை. எனவே புகை வந்த வழியே திரும்பி, முன்னோக்கி ஓடி, அதன் பின்னரே பக்கவாட்டில் வெளியேறுகிறது. குழாயைக் குறுக்குவதற்காகப் பிறந்த வடிவம், அதே வடிவத்தைக் காட்டுவதற்காக நீட்டப்பட்டிருக்கிறது!

அவ்வண்டியின் மூன்று கார்புரேட்டர்களும் அப்படித்தான். பந்தயக் களத்தில் ஒற்றைக் கார்புரேட்டருக்கே இடமிருந்தது. சாலை வண்டியின் எஞ்சின் 340 கன அங்குலம். பந்தயத்தின் வரம்போ ஐந்து லிட்டர், அதாவது சுமார் 305 கன அங்குலம். இத்தனைக்கும் அவ்வாண்டு டாட்ஜும் பிளிமத்தும் அத்தொடரில் ஒரு பந்தயத்தைக்கூட வெல்லவில்லை. பட்டம் ஃபோர்டு மஸ்டாங்குக்குச் சென்றது.

அதே ஆண்டின் இறுதியில் தூய காற்றுச் சட்டம் வந்தது. 1972இல் ஒலிக் கட்டுப்பாட்டுச் சட்டம். 1975 மாதிரி வண்டிகளில் வினையூக்கி மாற்றி பரவலாகப் பொருத்தப்பட்டது; கார்வெட்டே தன் இரட்டைக் குழாய்த் தடத்தை இழந்தது. நிறுவனங்கள் கைவிட்டதை உதிரிபாகக் கடைகள் எடுத்துக்கொண்டன. என் நண்பரின் வண்டியிலுள்ள குழாய்கள் அக்காலத்தவை. (நம் நாட்டு 1989ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதிகள், புகை இடப்புறமாக வெளியேறலாகாது என்றன. சாலையின் இடப்புற ஓரத்தில் மக்கள் நடக்கும் நாட்டில் அதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. அமெரிக்கக் கொட்டகைகளில் வேலை செய்தவர்கள் நடப்பவரைப் பற்றி எண்ணியதாகத் தெரியவில்லை. அந்தக் குறையை மறைத்து இவ்வரலாற்றை எழுத முடியாது.)

கொட்டகையில் இதைப் பொருத்துவது எளிய வேலையன்று. ஒன்றரை மீட்டர் நீளமுள்ள எஃகுக் குழாய் முந்நூறு பாகை வெப்பம் ஏறினால் ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் நீளும். ஆகவே ஒரு முனையை இறுக்கினால் மறுமுனைக்கு நகர இடம் விட வேண்டும். எஞ்சின் ரப்பர்த் தாங்கிகளின் மேல் அமர்ந்து குலுங்குவது. குழாயோ அசையாத உடலில் தொங்குவது. இடையில் நெகிழ்வு இல்லையென்றால் பற்றவைப்பு விரிசல்விடும். புகையின் வாய் கதவையும் சன்னலையும் தாண்டியே இருக்க வேண்டும், தவறினால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். இவ்வளவையும் பொறியியல் படிக்காத ஒருவர், இரும்பு அறுவாளும் பற்றவைப்புக் கருவியும் கொண்டு தீர்த்திருக்கிறார். அவர் செய்த குழாய் எஞ்சினிலிருந்து நேரே வெளியே செல்கிறது, பந்தய வண்டியில் செல்வதைப் போலவே.

எனவே நண்பருக்கு எழுதினேன்: டி/ஏ வகை அழகானது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உன் வண்டி டி/ஏ அன்று. அதில் அக்குழாயைப் பொருத்தினால், பந்தயத்தை நடித்துக் காட்டிய ஒரு வண்டியை உன் வண்டி நடித்துக் காட்டும். இப்போதுள்ள குழாய்கள் 1970ஆம் ஆண்டுக்கு அசல் அல்ல, அடுத்த ஐந்தாண்டுகளுக்கு அவையே அசல். எந்த ஆண்டை வைத்துக்கொள்வது என்பதை நீதான் முடிவு செய்ய வேண்டும். கழற்றுவதானால், கழற்றுமுன் அடிப்பகுதியை அங்குலம் அங்குலமாகப் படமெடுத்து வை.

நேற்று படங்கள் வந்தன. கழற்றியிருக்கிறார், எறியவில்லை, துணியில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறாராம். வண்டியின் கீழ்விளிம்பில் பக்கத்துக்கு நான்கு துளைகள். வலப்புறத் துளைகள் ஒழுங்கான இடைவெளியில் இருக்கின்றன. இடப்புறத்தில் முதல் துளை ஓர் அங்குலம் தள்ளிப் போடப்பட்டு, பிறகு அடைக்கப்பட்டு, அருகிலேயே சரியான இடத்தில் மீண்டும் போடப்பட்டிருக்கிறது. முதலில் இடப்புறத்தைத்தான் தொடங்கியிருக்கிறார்.