கர்ப்பப்பைத் தசைநார்க் கட்டிகள்

கர்ப்பப்பைச் சுவரிலுள்ள மழமழப்பான தசையிலிருந்து தோன்றி, தசையும் நாரிழையும் விரவப்பெற்று வளருகின்ற, புற்றுநோய்த் தன்மையற்ற கட்டிகளே தசைநார்க் கட்டிகள் என்றும், வழக்கில் பைப்ரொயிட் என்றும் கூறப்படுவன. சில மில்லிமீற்றர் அளவினவாய் ஆயுள் முழுவதும் அறியப்படாமலே இருந்துவிடுவனவும் உண்டு. நிறைமாதக் கர்ப்பம்போல் அடிவயிற்றை நிறைத்து நிற்பனவும் உண்டு. இவற்றைப் போஷிப்பவை ஈஸ்ட்ரஜன், புரொஜெஸ்தரோன் என்னும் ஓமோன்களேயாதலின், பூப்படையுமுன் இவை காணப்படுவதில்லை. மாதவிடாய் நின்றபின் பெரும்பாலும் சுருங்கிவிடும்.

லட்சணங்கள்: கட்டியின் பருமனைக் காட்டிலும் அது அமைந்த இடமே பல வேளைகளில் துன்பத்தை நிர்ணயிக்கிறது. உட்சவ்வை அடுத்திருப்பது சிறியதாயினும் பெரும்பாட்டை விளைவிக்கும். புறச்சுவரில் வளர்வது மூத்திரப்பையையும் மலக்குடலையும் அமுக்கும். கர்ப்பந்தரித்தலுக்கு இடையூறு செய்வனவும் உள. ஒரு மாதவிடாயில் 80 மில்லிலீற்றருக்கு மேல் இரத்தம் கழிவது பெரும்பாடு என்பது வைத்திய நூலார் கொண்ட வரையறையாயினும், இரத்தத்தை அளந்து பார்க்கும் பெண் எவருமிலராதலால், துணியை எத்தனை முறை மாற்ற நேர்ந்தது, அதற்கென இரவில் எழ வேண்டியிருந்ததா, இரத்தம் கட்டிகட்டியாய்ப் போயிற்றா என்று வினவியே வைத்தியர் நோயை மதிப்பிடுவர். கீழிமையைத் தாழ்த்திப் பார்க்குங்கால் சிவந்திருக்க வேண்டிய உட்புறம் வெளிறியிருக்குமாயின், சோகை முற்றியதென்பது இரத்தப் பரிசோதனைக்கு முன்னரே புலனாகும்.

கறுப்பினப் பெண்கள்: அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனில் 35 முதல் 49 வயது வரையுள்ள பெண்களை ஸ்கேன் மூலம் ஆராய்ந்து 2003 இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, 50 வயதை எட்டுவதற்குள் கறுப்பினப் பெண்களுள் 80 வீதத்துக்கு மேற்பட்டோர்க்கும், வெள்ளையினப் பெண்களுள் ஏறக்குறைய 70 வீதத்தினர்க்கும் இக்கட்டிகள் உண்டாகுமெனக் கணித்தது. இவ்வேறுபாட்டினும் பாரதூரமானது, கறுப்பினப் பெண்களிடத்து அவை இளவயதிலேயே, அதிக எண்ணிக்கையிலும் பெரும் பருமனிலும் தோன்றி, சந்தான பாக்கியத்தை நாடும் பருவத்திலேயே அவர்களை வருத்துவதாகும். பரம்பரை, விற்றமின் டி குறைபாடு, நெடுநாள் மனவழுத்தம் முதலியன காரணங்களாக ஆராயப்படுகின்றன. வேதனையைச் சொல்லியும் முறையாகச் செவிசாய்க்கப்படாத அநீதியும் சிகிச்சையைத் தாமதப்படுத்துகிறது.

மட்டக்களப்பு வாவிப் பிரதேசம்: சிகிச்சை தாமதமாவது இங்கும் உண்டு. ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவியின் மேற்கிலுள்ள படுவான்கரைக் கிராமத்துப் பெண்ணொருத்தி, நகரிலுள்ள போதனா வைத்தியசாலையை அடைய வலையிறவு, மண்முனை முதலான பாலங்களுள் ஒன்றால் நீரைக் கடந்தாக வேண்டும். 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை அங்கு படகுப் பாதையே துணையாயிருந்தது. பாலம் தூரத்தைக் குறைத்ததேயன்றி, வேளாண்மை வெட்டு முடியட்டும், பிள்ளையின் பரீட்சை முடியட்டும் என்று தன் சரீரத்தின் முறையீட்டைத் தள்ளிவைக்கும் வழக்கத்தை அது மாற்றவல்லதன்று. இலங்கையில் 1996 முதல் நடைபெற்றுவரும் சுகவனிதையர் கிளினிக்குகள் இக்கட்டிகளைத் தேடுவதற்கென்றே அமைந்தவையல்லவாயினும், 35 வயதை எய்திய பெண்கள் கட்டணமின்றிப் பரிசோதனை பெற்று, ஐயம் எழுந்தால் விசேஷ வைத்தியரிடம் அனுப்பப்படுவதற்கு வழி செய்கின்றன. அங்கு செல்லத் தயங்குபவர் தம் ஊர்க் குடும்பநல உத்தியோகத்தரிடமேனும் மனம்விட்டுப் பேசுதல் நலம்.

சிகிச்சை: துன்பஞ் செய்யாத கட்டிக்குக் காலந்தோறும் கண்காணிப்பே போதும். இரத்தப்போக்கைத் திரானெக்சாமிக் அமிலத்தாலும், ஓமோன் கசியும் கர்ப்பப்பைச் சாதனத்தாலும் தணிக்கலாம். சோகைக்கு இரும்புச் சத்து இன்றியமையாதது. பிள்ளைப்பேற்றை விரும்புவோர்க்குக் கர்ப்பப்பையைக் காத்துக் கட்டிகளை மட்டும் அகற்றும் சத்திரசிகிச்சை உண்டு. கட்டிக்குச் செல்லும் நாடியை அடைக்கும் முறை 1995 இல் பிரான்சிலிருந்து அறிவிக்கப்பட்டது. கர்ப்பப்பையை முற்றாக அகற்றுதல் நோய் மீளாதபடி செய்யுமாயினும், அதுவே முதல் உபாயமாதல் வேண்டுவதில்லை. வேளையோடு நோய் அறியப்பட்டவர்க்கு இவ்வழிகள் பலவும் திறந்திருக்க, தாமதித்தவர்க்கு அவை ஒவ்வொன்றாய் அடைபட்டுப் போகக்கூடுமாதலால், மிகுதியான இரத்தப்போக்கைப் பெண்பிறப்பின் விதியெனப் பொறுத்துக்கொள்ளும் மனோபாவமே முதலில் நீக்கப்படவேண்டியது.